நாலு வயதுக் காவல்

"சின்னப் பிள்ளையள் எண்டால் உங்களுக்கு அவ்வளவு விருப்பமோ?" என்று பெற்றோர் யாராவது கேட்டால் சிவபாலன் சிரித்துவிட்டு வேறு கதைக்குப் போய்விடுவான். விருப்பத்தில் அவன் சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கும் வேலைக்குப் போகவில்லை. பயத்தில் போனவன். அதை அறிந்த இரண்டு மூன்று பேரில் நானும் ஒருவன். ஊரில் நாங்கள் ஒரே வகுப்பில் இருந்தவர்கள். இந்தக் கதை நடந்த காலத்தில் நான் கொட்டாஞ்சேனையில் ஓர் அறை எடுத்து இருந்துகொண்டு, புதுக்கடையில் ஒரு சட்டத்தரணியிடம் கிளாக்காக வேலை செய்துகொண்டிருந்தேன்.

சிவபாலன் 1995 நடுவில் கொழும்புக்கு வந்தான். வயது இருபத்தாறு. ஊரில் சங்கக்கடையில் வேலை பார்த்தவன். சுவிசில் இருந்த தமையன் சிவானந்தன் அவனைத் தன்னிடம் எடுப்பிக்க ஓர் ஏஜென்டைப் பிடித்திருந்தார். அதுவரைக்கும் வெள்ளவத்தையில் தமக்கை அருந்ததி வீட்டில் இருக்கச் சொன்னார். காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒரு லேனில் இரண்டாம் மாடி. அருந்ததியின் புருஷன் நாகேந்திரம் கோட்டையில் ஒரு கப்பல் கொம்பனியில் வேலை செய்தார். ஒரே பிள்ளை வாசுகி. அவளுக்கு மூன்று முடிந்து நாலு நடந்துகொண்டிருந்தது. வாய் ஓயாத பிள்ளை. ரெயில் போனால் ரெயிலோடு கதைப்பாள்.

இரண்டு மாதத்தில் போய்விடலாம் என்றான் ஏஜென்ட். ஆறு மாதம் போனது. ஜனவரி கடைசியில் கோட்டையில் குண்டு வெடித்தது. அதற்குப் பிறகு ஒரு விடியற்காலை ஆமியும் பொலிசும் லேனைச் சுற்றிவளைத்து, பதினாறு வயதுக்கு மேற்பட்ட ஆண்களையெல்லாம் தண்டவாளப் பக்கம் வரிசையாக நிறுத்தினார்கள். பொலிஸ் பதிவு, அடையாள அட்டை, கிராமசேவகர் கடிதம் எல்லாம் சிவபாலன் கையில் இருந்தன. இருந்தும் லொறியில் ஏறச் சொன்னார்கள். படுக்கும்போது கட்டியிருந்த சாரத்தோடு ஏறினான்.

நாலு நாள் வைத்திருந்தார்கள். அவனை யாரும் அடிக்கவில்லை. பக்கத்தில் இருந்த மட்டக்களப்புப் பொடியன் ஒருவனை மூன்று தரம் கூட்டிக்கொண்டு போனார்கள். இரண்டு தரம் தூக்கிக்கொண்டு வந்து விட்டார்கள். மூன்றாம் தரம் அவன் திரும்பி வரவில்லை. அடுத்தது தன்னுடைய பெயர்தான் என்று சிவபாலன் கதவையே பார்த்துக்கொண்டிருந்தான். கூப்பிடவில்லை. ஐந்தாம் நாள் காலையில், "நீ போகலாம்" என்றார்கள்.

வீட்டுக்கு வந்தவன் பிறகு வாசற்படி தாண்டவில்லை. காலி வீதியில் ஒரு லொறி கியர் மாற்றினால் கக்கூசுக்கு ஓடுவான். படுக்கும்போதும் நீளக் காற்சட்டையைக் கழற்றமாட்டான். இனி ஒருதரம் சாரத்தோடு போகக்கூடாது என்று நினைத்திருக்கிறான். கடதாசிகள் எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்ரிக் பையில் போட்டுத் தலைமாட்டில் வைத்திருந்தான். நான் பார்க்கப் போனபோது யன்னலுக்கு நேரே நிற்காமல் சுவரோடு ஒட்டி நின்று கதைத்தான்.

மார்ச் மாதம் அருந்ததிக்குக் காய்ச்சல் வந்தது. நாகேந்திரம் வேலைக்குப் போய்விட்டார். வாசுகி மொண்டிசோரிக்கு வெளிக்கிட்டு, தண்ணீர்ப் போத்தலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்று அழுதாள்.

"டேய், இண்டைக்கு ஒருநாள் கொண்டுபோய் விடன். ரெண்டு லேன் தள்ளித்தானே" என்றாள் அருந்ததி.

அவன் போனான். லேன் முகப்பில் மண்மூட்டை அடுக்கிய காவலரண். தூரத்திலேயே அவன் நின்றுவிட்டான். திரும்பிப் போனால் அதுவே சந்தேகம் என்று தெரியும். அடையாள அட்டையை எடுத்துக் கையில் வைத்தபடி கிட்டப் போனான். அங்கே நின்ற ஆமிக்காரன் அட்டையைப் பார்க்கவேயில்லை. குனிந்து பிள்ளையைப் பார்த்தான். "பபா கோஹெத யன்னே?" என்றான். பாப்பா எங்கே போகிறாய் என்று. வாசுகி தன் சப்பாத்தைக் காட்டினாள். புதுச் சப்பாத்து. அவன் சிரித்துக்கொண்டு, போ என்று கையைக் காட்டினான்.

அவ்வளவுதான். சிவபாலன் காலி வீதியைக் கடந்து மற்றப் பக்கம் போய்ச் சேரும் வரைக்கும் மூச்சு விடவில்லை. மூச்சு வந்தபோது அவனுக்கு ஒரு விஷயம் விளங்கியிருந்தது. பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு போகிறவனை யாரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை.

அடுத்த நாள் அருந்ததிக்குக் காய்ச்சல் விட்டது. "இனி நானே கூட்டிக்கொண்டு போறன், அக்கா. நீங்கள் ஏன் வெய்யிலுக்குள்ள அலையிறியள்?" என்றான். அவள் தம்பி தேறிவிட்டான் என்று பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தாள்.

அதற்குப் பிறகு அவன் எங்கே போனாலும் வாசுகியும் போனாள். சந்தைக்கு, சலூனுக்கு, சுவிசுக்குக் கோல் எடுக்கக் கொமியூனிகேஷன் கடைக்கு. ஒரு சனிக்கிழமை கொட்டாஞ்சேனையில் ஏஜென்டைப் பார்க்க வந்தவன், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு என் அறைக்கும் வந்தான். வெக்கையில் அவளுக்கு முகமெல்லாம் சிவந்திருந்தது. என் கட்டிலில் விழுந்து நித்திரையாகிவிட்டாள்.

"இந்த வெய்யிலுக்குள்ள, இந்தச் சன பஸ்ஸில, பிள்ளையை ஏன் இழுத்துக்கொண்டு திரியிறாய்?"

"அவள் வந்தால்தான் என்ர கால் நடக்குது, மச்சான்."

நான் சிரித்தேன். கெட்டிக்காரன் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். எனக்கும் அப்படி ஒரு பிள்ளை இருந்தால் நல்லது என்றுகூட நினைத்தேன். அதை மறைத்து எழுத எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் அவன் எனக்குச் சொல்லாத ஒன்றும் இருந்தது. மே மாதத்தில் ஒருநாள் ஒரு பொலிஸ்காரன், இந்தப் பிள்ளை உனக்கு என்ன முறை என்று கேட்டிருக்கிறான். மாமன் என்று சொன்னதும் அட்டையைக் கேட்டு, யாழ்ப்பாணம் என்ற இடத்தில் விரலை வைத்து, அரை மணித்தியாலம் நிறுத்தி வைத்துவிட்டான். அன்று பின்னேரமே சிவபாலன் வாசுகிக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கத் தொடங்கினான். சிங்களத்தில் தாத்தா என்றால் அப்பா, மகே தாத்தா என்றால் என் அப்பா.

"ஆமி மாமா இது ஆர் எண்டு கேட்டால் என்ன சொல்லுவாய்?"

"மாமா."

"இல்லை. மகே தாத்தா எண்டு சொல்லவேணும். சொல்லு பாப்பம்."

"மகே தாத்தா."

"கெட்டிக்காரி."

"அப்ப அப்பா?"

"அப்பா வீட்டில அப்பா. இது றோட்டில மட்டும். விளையாட்டு."

"அம்மாவுக்குச் சொல்லுறதோ?"

"சொல்லக்கூடாது."

ஒவ்வொரு நாளும் மாடிப்படியில் வைத்து ஒருதரம் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் இறங்குவார்கள். சரியாகச் சொன்னால் ஒரு டொபி. அவள் ஒரு நாளும் பிழைவிடவில்லை. இரண்டு தரம் ஆமிக்காரர் கேட்டு, அவள் சொல்லி, அவர்கள் கன்னத்தைத் தட்டி அனுப்பியிருக்கிறார்கள்.

ஜூலையில் தெஹிவளையில் பின்னேர ரெயிலில் குண்டு வெடித்தது. வெள்ளவத்தைக்கு அடுத்த ஸ்டேஷன். அந்தச் சத்தத்தை வீட்டில் இருந்தே கேட்டார்கள். மூன்று நாள் யாரும் வெளியே போகவில்லை. மொண்டிசோரி திறந்த அன்று அருந்ததி, "இண்டைக்கு வேண்டாம்" என்றாள். வீட்டுக்குள் இருந்தால் சுற்றிவளைப்பில் அகப்படுவோம், பிள்ளையோடு வெளியே நிற்பதுதான் பாதுகாப்பு என்று அவன் கணக்குப் போட்டான். கூட்டிக்கொண்டு இறங்கினான்.

லேன் முகப்பில் பழைய ஆமிக்காரர் இல்லை. புது ஆட்கள். ஒரு பொலிஸ் சார்ஜன்ட், ஒரு பெண் பொலிஸ், துவக்கோடு நாலு பேர். சார்ஜன்ட் அட்டையையும் பதிவுக் கடதாசியையும் வாங்கினான். அந்தக் கடதாசியில் வீட்டில் உள்ளவர்களின் பெயர்கள் எல்லாம் இருக்கும். தகப்பன் நாகேந்திரம், தாய் அருந்ததி, மகள் வாசுகி, மைத்துனன் சிவபாலன். சார்ஜன்ட் அதை வாசித்து முடித்துவிட்டுப் பிள்ளையிடம் குனிந்தான்.

"மே கவுத, துவே?" இது யார், மகளே?

சிவபாலனுக்கு அந்தக் கணத்தில் எல்லாம் விளங்கிவிட்டது. வாயைத் திறக்க முதல் அவள் சொல்லிவிட்டாள். தெளிவாக, வழமையைவிடச் சத்தமாக.

"மகே தாத்தா."

சார்ஜன்ட் கடதாசியைத் திரும்பப் பார்த்தான். பிறகு சிவபாலனைப் பார்த்தான். யாருடைய பிள்ளை இது, எங்கே கொண்டு போகிறாய், பிள்ளைக்குப் பொய் சொல்லிக் கொடுத்தது யார் என்று கேள்விமேல் கேள்வி. சிவபாலனுக்குத் தெரிந்த கொஞ்சச் சிங்களமும் நாக்கில் இருந்து போய்விட்டது. கையை உயர்த்தச் சொன்னார்கள். உயர்த்தினான். அதற்குப் பிள்ளையின் கையை விடவேண்டியிருந்தது. பெண் பொலிஸ் வாசுகியைத் தூக்கி அப்பால் கொண்டுபோனாள்.

வாசுகி கத்தத் தொடங்கினாள். அவள் அம்மா என்று கத்தவில்லை. மாமா என்றும் கத்தவில்லை. "மகே தாத்தா! மகே தாத்தா!" என்று திரும்பத் திரும்பக் கத்தினாள். சொன்னது அவர்களுக்குக் கேட்கவில்லை, அல்லது தான் சரியாகச் சொல்லவில்லை என்று அந்தப் பிள்ளை நினைத்திருக்கவேண்டும். அவனை ஜீப்பில் ஏற்றும்போதும் அவள் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். சொல்லச் சொல்ல அவர்கள் அவனை இன்னும் இறுக்கிப் பிடித்தார்கள்.

மொண்டிசோரி நடத்திய பஹ்மியா ரீச்சருக்கு யாரோ ஓடிப்போய்ச் சொல்லியிருக்கிறார்கள். ஐம்பது வயது தாண்டிய முஸ்லிம் பெண்மணி. சேலைத் தலைப்பை இழுத்துத் தலையில் போட்டபடி ஓடி வந்து, சிங்களத்தில் கதைத்து, பிள்ளையை வாங்கிக்கொண்டு போய் அருந்ததியிடம் கொடுத்தார். பின்னேரம் நாகேந்திரமும் நானும், என் சட்டத்தரணி தந்த கடிதத்தோடு பொலிசுக்குப் போனபோது, மர வாங்கில் குடையை மடியில் வைத்துக்கொண்டு ரீச்சர் எங்களுக்கு முதலே வந்து இருந்தார்.

பொறுப்பதிகாரி ரீச்சரிடம் கேட்டார், பிள்ளை ஏன் பொய் சொன்னது என்று. ரீச்சர் சிங்களத்தில் சொன்ன பதிலை எங்களுக்குத் தமிழிலும் சொன்னார்.

"பிள்ள பொய் சொல்ல இல்ல. பெரியவங்க படிச்சுக் குடுத்தத ஒழுங்காச் சொல்லியிரிக்கி. நான் படிச்சுக் குடுக்கிற பாட்டக்கூட அது அவ்வளவு வடிவாச் சொன்னதில்ல."

கம்பிக்கு அந்தப் பக்கம் சிவபாலன் அதைக் கேட்டுக்கொண்டிருந்தான். அடுத்த நாள் மத்தியானம் விட்டார்கள்.

வீட்டு வாசலில் அருந்ததி நின்றாள். உள்ளே விடவில்லை. "என்ர பிள்ளைக்கு என்னடா சொல்லிக் குடுத்தனீ?" என்று கேட்டாள். அவள் ஓங்கி ஓர் அறை விட்டாள். பிறகு அவனைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதாள். நாகேந்திரம் ஒரு கிழமைக்கு அவனோடு கதைக்கவேயில்லை.

வாசுகி யாரோடும் கதைக்கவில்லை. தாயோடு இல்லை, தகப்பனோடு இல்லை, ரெயிலோடும் இல்லை. சாப்பிட்டாள், படுத்தாள். சிவபாலன் எழும்பினால் தானும் எழும்புவாள். அவன் இருந்தால் தானும் இருப்பாள். இரண்டு கையாலும் அவனுடைய ஒரு விரலைப் பிடித்துக்கொண்டிருப்பாள். தன் வாயால் வந்த ஒரு சொல்லில்தான் அவனைக் கொண்டுபோனார்கள் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. யாரும் அதை அவளுக்குச் சொல்லவில்லை. டொக்டர், கொஞ்ச நாளில் சரிவரும் என்றார்.

மொண்டிசோரிக்குப் போகமாட்டேன் என்று படிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சிவபாலன் வந்தால்தான் வருவாள். அருந்ததி ஒரு பக்கம், அவன் ஒரு பக்கமாக மூன்று பேரும் போனார்கள். வாசலில் விட்டுவிட்டுத் திரும்பப் பார்த்தால் அவள் விரலை விடவில்லை. பஹ்மியா ரீச்சர் வெளியே வந்தார்.

"தம்பி, நீங்க உள்ளுக்கு வந்து இருங்க."

"நானோ?"

"வேற யாரு? பிள்ள விடுற வரைக்கும் இருங்க."

ரீச்சர் வீட்டின் முன்விறாந்தையும் ஹோலும்தான் வகுப்பு. முழங்கால் உயரக் கதிரைகள், இருபத்திரண்டு பிள்ளைகள். தமிழ்ப் பிள்ளைகள், முஸ்லிம் பிள்ளைகள், இரண்டு மூன்று சிங்களப் பிள்ளைகள். சிவபாலன் சுவரோடு நிலத்தில் இருந்தான். வாசுகி அவனுக்குப் பக்கத்தில் இருந்தாள். அடுத்த நாளும் அப்படித்தான். அடுத்த கிழமையும் அப்படித்தான்.

வெளியே ஒரு வாகனம் நின்றால் அவன் அங்கேயும் கதவையே பார்ப்பான். ஆனால் பிள்ளைகள் அவனைச் சும்மா விடவில்லை. ஒருத்தி வந்து சப்பாத்தை நீட்டுவாள், வார் கட்டிவிடச் சொல்லி. ஒருவன் மூக்கைத் துடைக்கச் சொல்லுவான். மணிகளைக் கோத்துக் கோத்து மடியில் கொண்டுவந்து போடுவார்கள். ரீச்சருக்கு உதவியாக இருந்த பைறோஸா என்ற இளம்பெண் முதலில் கூச்சப்பட்டாள். பிறகு, "அந்தக் கத்தரிக்கோல எடுங்க" என்று அவனையும் வேலை வாங்கத் தொடங்கினாள்.

ஒரு நாள் இடைவேளையில் பிள்ளைகள் செக்பொயின்ற் விளையாடினார்கள். ஒருவன் கோடு போடும் அடிமட்டத்தைத் துவக்குப்போலத் தோளில் வைத்துக்கொண்டு நின்றான். மற்றவர்கள் வரிசையாக வந்து உள்ளங்கையை விரித்துக் காட்டினார்கள். அதுதான் அடையாள அட்டை. விளையாட்டின் போக்கில் அந்தப் பொடியன் சிவபாலனிடம் வந்து நின்றான்.

"ஐடி எங்க?"

ஐந்து வயதுப் பிள்ளை. கையில் அடிமட்டம். சிவபாலனுக்கு உடம்பெல்லாம் வேர்த்தது. கை தன்பாட்டில் பொக்கற்றுக்குள் போய் உண்மையான அட்டையை எடுத்து நீட்டிவிட்டது. பிள்ளைகள் எல்லாரும் பார்த்தார்கள். சிரிப்பார்கள் என்று நினைத்தான். ஒருவரும் சிரிக்கவில்லை. அந்தப் பொடியன் அடிமட்டத்தைக் கீழே வைத்துவிட்டு, "சேர், இது விளையாட்டு. பயப்பிடாதீங்க" என்றான்.

விளையாட்டு என்ற சொல்லை அவன் வேறோர் இடத்தில், வேறொரு பிள்ளைக்குச் சொல்லியிருக்கிறான். அன்று வகுப்பு முடிந்த பிறகு ரீச்சரின் பின்வளவில் கிணற்றடிக்குப் போய் முகத்தைக் கழுவிக் கழுவி நின்றானாம். இதை எனக்குச் சொல்லும்போது அவனுக்கு வயது நாற்பது கடந்திருந்தது. அப்போதும் அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

வாசுகி வாய் திறந்தது ஒக்டோபர் நடுவில். ஒரு பெரிய காரணமும் இல்லை. பிள்ளைகள் கோதுமை மாவைக் குழைத்து உருண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். திடீரென்று அவள் எழுந்து நின்று, "ரீச்சர், இவன் மாவைத் தின்னுறான்!" என்று கோள் சொன்னாள். பைறோஸா கையில் இருந்த தண்ணீரைக் கீழே ஊற்றிவிட்டாள். பஹ்மியா ரீச்சர் மட்டும் ஒன்றும் நடவாததுபோல, "மகன், மா திண்டா வயித்த வலிக்கும்" என்று அந்தப் பிள்ளையின் வாயைத் துடைத்தார். வாசுகி சிவபாலன் பக்கம் திரும்பி, "அவன் நேற்றும் திண்டவன், மாமா" என்றாள். மாமா என்றுதான் சொன்னாள்.

நவம்பரில் பைறோஸாவுக்குக் கலியாணம் பொருந்தி, அவள் கண்டிக்குப் போவதாக இருந்தது. ரீச்சர் சிவபாலனைக் கூப்பிட்டார்.

"ஜனவரிக்கு ஆள் வேணும். நீங்க இருக்கிறீங்களா?"

"ரீச்சர், நான் ஆம்பிளை."

"அது எனக்கும் தெரியும்."

"தாய்மார் என்ன சொல்லுவினம்? அதோட நான்... ரீச்சருக்குத் தெரியும்தானே, நான் பிள்ளைக்கு என்ன செய்தனான் எண்டு."

"தெரிஞ்சுதான் கேக்கிறன்" என்றார் ரீச்சர். "அந்தப் பிள்ள வாய் தொறக்கிற வரைக்கும் ரெண்டரை மாசம் நிலத்தில இருந்தீங்க. இடுப்பு வலிக்கிது எண்டு ஒரு நாள் சொல்லயில்ல. யோசிச்சுச் சொல்லுங்க."

அவன் யோசித்து முடிக்க முதல் ஏஜென்ட் ஆள் அனுப்பினான். எல்லாம் சரி, டிசம்பர் இரண்டாம் கிழமை வெளிக்கிட வேண்டும், முதலில் மொஸ்கோ, பிறகு தரைவழி. கொமியூனிகேஷன் கடைக் கண்ணாடிப் பெட்டிக்குள் நின்று சிவானந்தனோடு கதைத்தான். அன்றைக்கு நானும் வெளியே நின்றேன்.

"அண்ணா, நான் வரேல்லை."

"என்னடா விசர்க்கதை? அங்க நிண்டு சாகப் போறியோ?"

"இஞ்ச ஒரு வேலை கிடைச்சிருக்கு."

"என்ன வேலை?"

"நேர்சரியில. சின்னப் பிள்ளையளுக்குப் படிப்பிக்கிறது."

சிவானந்தன், போனை வை என்றாராம். ஒன்றரை வருடம் தம்பியோடு கதைக்கவில்லை.

கடையை விட்டு வெளியே வந்தபோது சிவபாலனின் சேட் முதுகோடு ஒட்டியிருந்தது. நான் சண்டை பிடித்தேன். பயந்து சாகிற நீ இந்த ஊரில் எப்படி இருப்பாய் என்று கேட்டேன்.

"போறதுக்கும் பயம்தான், மச்சான். பனிக்குள்ள காட்டுப் பாதையால நடத்திக்கொண்டு போவாங்களாம். ரெண்டு பக்கமும் பயம். அங்க வகுப்புக்குள்ள இருக்கேக்கையும் பயம். ஆனால் அதைப் பார்க்க எனக்கு நேரம் இருக்கிறேல்லை. ஒருத்தி சப்பாத்தைக் கொண்டு வந்திடுவாள்." கொஞ்சத் தூரம் நடந்த பிறகு, "நான் ஒரு பிள்ளைக்குத்தான் இதுவரைக்கும் படிப்பிச்சிருக்கிறன். அது என்ன பாடம் எண்டு உனக்குத் தெரியும்" என்றான்.

ஜனவரியில் வாசுகி முதலாம் வகுப்புக்குப் பெரிய பள்ளிக்கூடம் போய்விட்டாள். வான் வந்து ஏற்றிக்கொண்டு போகும். இனி சிவபாலன் தனியத்தான் போகவேண்டும். மொண்டிசோரி தொடங்கிய முதல் நாள் அருந்ததி, "கீழ்வீட்டுப் பிள்ளையும் அங்கதானே போகுது. கூட்டிக்கொண்டு போவன்" என்றாள். அவன், "வேண்டாம் அக்கா" என்றான். "அதைத் தாய் கொண்டுவரட்டும். நான் முன்னுக்குப் போறன்."

காவலரணில் பையைத் திறக்கச் சொன்னார்கள். திறந்தான். உள்ளே கலர்க் கடதாசி, பசை, பயற்றங்கொட்டை, அதோடு அவன் பிஸ்கட் பெட்டி அட்டையில் செய்த ஒரு மணிக்கூடு. முகம் ஒரு சாப்பாட்டுக் கோப்பை அளவு. முள்ளைப் பிடிக்க நடுவில் சைக்கிள் கம்பித் துண்டு ஒன்றைக் குத்தி, பின்பக்கம் வளைத்து ஒட்டியிருந்தான்.

ஆமிக்காரன் கண்டது மணிக்கூட்டையும் கம்பியையும்தான். "அத உஸ்ஸண்ட!" என்று கத்தினான். கையை உயர்த்து. துவக்கு நெஞ்சுக்கு நேரே வந்தது. மற்ற இரண்டு பேரும் மண்மூட்டைக்குப் பின்னால் பாய்ந்தார்கள். றோட்டில் போன சனம் சிதறி ஓடியது. சிவபாலன் கையை உயர்த்தியபடி நின்றான். காற்சட்டை நனைந்தது தெரிந்தது. பிடிப்பதற்குப் பக்கத்தில் ஒரு கையும் இல்லை.

"மொக்கத மே?" இது என்ன?

சிவபாலன் கையை இறக்காமலே சொன்னான். "செல்லம் ஒரலோசுவக்." விளையாட்டு மணிக்கூடு.

"உன்ர வேலை என்ன?"

"மொண்டிசோரி குரு."

"ஆம்பிளை ஒருத்தனோ?" என்று சிங்களத்தில் கேட்டுவிட்டு, அவனையே அதைக் கையால் எடுத்துக் காட்டச் சொன்னார்கள். எல்லாரும் பின்னுக்குப் போனார்கள். சிவபாலன் குந்தியிருந்து அந்த அட்டையை எடுத்து, சின்ன முள்ளை எட்டில் வைத்து, பெரிய முள்ளைச் சுற்றினான். முள் பன்னிரண்டைத் தாண்டிப் போனது. திருப்பிக் கொண்டுவந்து நிறுத்தினான். "அட்டய்" என்றான். எட்டு மணி.

ஒரு கிழட்டு ஆமிக்காரன் மூட்டைக்குப் பின்னால் இருந்து எழும்பி வந்து அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவனுக்கும் முகம் வெளிறிப்போய்த்தான் இருந்தது. கம்பியை மட்டும் பிடுங்கி எடுத்துக்கொண்டு, "யன்ன" என்றான். போ.

வீட்டுக்குத் திரும்பிப் போயிருக்கலாம். வீடு கிட்ட. ஆனால் அவன் காலி வீதியைக் கடந்து, நனைந்த காற்சட்டைக்கு முன்னால் பையைப் பிடித்தபடி, ரீச்சர் வீட்டுப் பின்பக்கத்தால் போனான். ரீச்சர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. செத்துப்போன தன் புருஷனின் சாரம் ஒன்றைக் கொடுத்தார். எந்த உடுப்பைக் கண்டு அத்தனை மாதமாகப் பயந்தானோ அதைக் கட்டிக்கொண்டுதான் முதல் நாள் வகுப்புக்குப் போனான். அன்று புதுப் பிள்ளைகள் பதினொரு பேர், பதினொரு பேரும் அழுதுகொண்டிருந்தார்கள்.

அந்த வருடம் முழுக்கச் சனிக்கிழமைகளில் கொட்டாஞ்சேனையில் முன்பள்ளி ஆசிரியர் பயிற்சி. முப்பத்திரண்டு பெண்கள், நடுவில் இவன் ஒருவன். பஸ்ஸில் நாலு இடத்தில் சோதனைக்கு இறக்கி ஏற்றுவார்கள். வகுப்பு முடிய என் அறைக்கு வருவான். பயம் தெளியும் மட்டும் இருந்துவிட்டுப் போவான். பிறகும் இரண்டு தரம் பிடித்துக்கொண்டு போனார்கள். ஒரு தரம் பதினெட்டு நாள். சில தாய்மார் பிள்ளைகளை நிறுத்தினார்கள், ஆண் என்றதற்காகச் சிலர், பொலிசில் இருந்தவன் என்றதற்காகச் சிலர். பஹ்மியா ரீச்சர் அவனை நிறுத்தவில்லை. ரீச்சர் காலமானதும் அவருடைய மகள் அந்த ஹோலை அவன் பொறுப்பிலேயே விட்டாள். நாகேந்திரம் குடும்பம் இரண்டாயிரமாம் ஆண்டு கனடாவுக்குப் போனது. வாசுகிக்கு அந்த நாட்கள் ஒன்றும் ஞாபகம் இல்லையாம். கோலில் அப்படித்தான் சொல்லுகிறாள். சிவபாலன் அதை முழுக்க நம்புவதில்லை.

பயம் அவனை விட்டுப் போனதென்று நான் எழுதமாட்டேன். யுத்தம் முடியும்வரை ஒரு நாளும் போகவில்லை. 2007 ஜூனில், லொட்ஜுகளில் இருந்த தமிழர்களை விடியற்புறம் எழுப்பி பஸ்ஸில் ஏற்றி வவுனியாவுக்கு அனுப்பினார்கள். அவனுடைய வகுப்பில் அன்று ஒரு பிள்ளை வரவில்லை. பிரவீணா, ஐந்து வயது. கிளிநொச்சிப் பக்கத்திலிருந்து வந்து தாயோடு லொட்ஜில் இருந்தவள். சிவபாலன் வகுப்பை விட்டதும் அந்த லொட்ஜுக்குப் போனான். அறை திறந்து கிடந்தது. கொடியில் பிள்ளையின் வெள்ளைச் சட்டை காய்ந்துகொண்டிருந்தது. அதற்கு மேல் யாரிடமும் விசாரிக்க அவனுக்குத் துணிவு வரவில்லை. அன்றிலிருந்து வகுப்பில் பெயர் கூப்பிடும்போது அவளுடைய பெயரையும் கூப்பிட்டான்.

நீதிமன்றம் தடுத்த பிறகு சிலர் திரும்பி வந்தார்கள். ஒன்பதாம் நாள் பிரவீணாவும் தாயும் வந்து வாசலில் நின்றார்கள். பிள்ளை உள்ளே வரமாட்டேன் என்றது. சிவபாலன் போய் அவளுக்கு முன்னால் நிலத்தில் இருந்தான்.

"ரீச்சர், நீங்களும் பஸ்ஸில போனீங்களோ?"

"இல்லை. என்னை ஏத்தேல்லை."

"அப்ப நீங்கள் பயப்பிடேல்லையோ?"

தாய் அவனைப் பார்த்தாள். பிள்ளைக்குத் தைரியமாக ஏதும் சொல்லுவான் என்று எதிர்பார்த்திருப்பாள்.

"பயந்தனான்" என்றான் சிவபாலன். "நல்லாப் பயந்தனான். இப்பவும் கொஞ்சம் பயம்தான்."

பிள்ளை அதை யோசித்தது. "எனக்கும்" என்றது. பிறகு செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே போய், தன் கதிரையில் இருந்த மற்றப் பிள்ளையை எழும்பச் சொன்னது.